மேசை விளக்கு யாருக்காக எரிகிறது?

கணினி பராமரிப்பு என்று என் வேலைக்குப் பெயர். கொழும்பில் வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கணக்கெழுதுகிற, கோல் எடுக்கிற ஒபிஸ்களில் வயர் இழுப்பது, பிரிண்டர் பார்ப்பது, பாஸ்வேர்டை மறந்தவருக்குப் புதிதாகப் போட்டுக் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். சில வருடங்களாக அந்தப் பட்டியலில் ஒரு சின்னச் சாமானும் சேர்ந்திருக்கிறது. மொனிட்டரின் தலையில் ஒட்டிவைக்கும் விளக்கு. ஆள் பேசத் தயாராக இருந்தால் பச்சை, கோலிலோ கூட்டத்திலோ இருந்தால் சிவப்பு, எழுந்து போயிருந்தால் மஞ்சள். யூ.எஸ்.பி. வயரால் கணினியோடு சேர்ந்து, மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற புள்ளியின் நிறத்தை அப்படியே மேசைமேல் காட்டும்.

பார்த்தால் விளையாட்டுச் சாமான். ஆனால் ஓர் ஒபிஸ் முழுக்க இதைப் பொருத்தி முடிப்பதற்குள், அங்கே யார் யாரை நம்புகிறார்கள், யார் யாரைக் கண்காணிக்க ஆசைப்படுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். எந்த நிறம், எத்தனை நிமிடம், யார் மாற்றலாம், யார் மாற்றக்கூடாது என்று செட்டிங்ஸில் நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் நிர்வாகம் சொல்லும் பதிலில் அது வெளியே வந்துவிடும்.

நான் டயகமக்காரன். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டிப் போனால் வரும் ஊர். அதற்கப்பால் ஹோர்ட்டன் சமவெளி மலைதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆள் வந்ததைக் காட்ட விளக்குத் தேவைப்பட்டதில்லை. விடியக்காலையில் பெரட்டு என்கிற ஆளெடுப்புக்குப் போய் நின்றால் செக்ரோல் பதிவேட்டில் பேர் விழும். அந்தப் பேர் முழுசா அரையா, அதாவது முழுநாள் சம்பளமா பாதியா என்பதைப் பிறகு தராசு சொல்லும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகு பல தோட்டங்களில் கிலோக் கணக்கு இறுகியது. காலையிலிருந்து மலையில் நின்று, அட்டைக்கடி வாங்கி, மழையில் நனைந்து வந்தவர்களுக்கும் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். ஆள் இருப்பது, வேலை நடப்பது, அதைக் கணக்கில் எழுதுவது என்ற மூன்றும் வேறு வேறு என்பது எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த விளக்குத் தொழிலில் எனக்கு அதிகம் உதவியது அந்தப் பாடம்தான்.

ஆள் நிலையை விளக்கால் காட்டுவது புதிய யோசனை ஒன்றுமில்லை. பெரிய அதிகாரிகளின் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு பல்ப் எரிந்தால் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது கச்சேரிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். ஒபிஸ் டெலிபோன்களில் எந்த எக்ஸ்டென்ஷன் பேச்சில் இருக்கிறது என்று காட்டும் சிவப்புப் பொட்டும் அதே வகைதான். கணினியில் செருகும் நிற விளக்குகள் பிறகு வந்தவை. 2012இல் ‘பிளிங்க் ஒன்’ என்ற ஒன்று கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வெளிவந்தது. டென்மார்க்கிலிருந்து குவாண்டோ பிஸிலைட், லத்வியாவிலிருந்து லக்ஸஃபோர் என்று வேறு வகைகளும் சந்தைக்கு வந்தன. ஸ்கைப் ஃபோர் பிஸ்னஸின் இணையச் சேவை 2021 ஜூலை 31ஆம் திகதி மூடப்பட்டதும், அதை நம்பியிருந்த விளக்குகளையெல்லாம் டீம்ஸுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. இந்த விளக்கின் செட்டிங்ஸை மூலை முடுக்கு விடாமல் நான் படித்தது அப்போதுதான்.

அந்த மூலைகளில் ஒன்றைச் சொல்கிறேன். விளக்கு நன்றாக எரிகிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவோம். மறுநாள் போன் வரும்: “தம்பி, சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா லைட் செத்துக் கிடக்கு.” விளக்கு சாகவில்லை. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க, சும்மா கிடக்கும் யூ.எஸ்.பி. வாசலை விண்டோஸ் தானே உறங்கவைத்துவிடும். பவர் ஒப்ஷன்ஸில் ‘யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பென்ட்’ என்றிருப்பதை நிறுத்த வேண்டும். டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ‘மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்’ என்ற அனுமதியையும் எடுத்துவிட வேண்டும். இரண்டையும் செய்தால்தான் சாப்பாட்டுக்குப் பிறகும் விளக்கு உயிரோடு இருக்கும்.

இன்னொன்று, குவாண்டோ வகை விளக்குகளின் குணம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது கணினியிலிருந்து ‘நான் இருக்கிறேன்’ என்ற சமிக்ஞை வராவிட்டால் அவை தாமாகவே அணைந்துவிடும். முதலில் கேட்டால் குறை போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அதுதான் நேர்மை. மென்பொருள் முடங்கிய பிறகும் பச்சை எரிந்துகொண்டிருந்தால் அந்த விளக்கு பொய் சொல்கிறது என்று அர்த்தம். அதனால் விளக்கின் மென்பொருள் கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்குகிறதா என்று டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்-அப் பட்டியலைப் பார்க்காமல் எந்த மேசையையும் விட்டு நகரமாட்டேன்.

லினக்ஸ் கணினி என்றால் விளக்கு செருகியவுடன் தெரியும், ஆனால் சாதாரணப் பயனர் சொன்னால் எரியாது. அனுமதி கொடுக்க ‘யூடெவ்’ விதி ஒன்று எழுத வேண்டும். விண்டோஸ் 11இல் 2023ஆம் ஆண்டு ‘டைனமிக் லைட்டிங்’ என்று ஒரு பக்கம் வந்தது. பொருத்தமான நிற விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றின் வெளிச்சத்தை விண்டோஸே ஆளும் இடம் அது. அதோடு சேர்ந்து வேலை செய்கிற சாதனம் ஒன்று மேசையில் இருந்து, இரண்டு மென்பொருள்கள் அதற்குச் சண்டை போட்டால், யாருக்கு முதலிடம் என்ற வரிசையை அந்தப் பக்கத்திலேயே மேலே கீழே நகர்த்தலாம். ‘எனக்கு மட்டும் லைட் நிறம் மாறிமாறி எரியுது’ என்ற புகாருக்குப் பல தடவை மருந்து அங்கேதான் கிடைத்தது.

இவை தொழில்நுட்பத் தலைவலிகள். பழகினால் கை தானாகச் செய்யும். மனிதர்களைத் தொடும் செட்டிங்ஸ்தான் நேரம் எடுக்கும்.

முதலாவது, ‘ஆள் இல்லை’ என்று எப்போது முடிவுகட்டுவது. விசைப்பலகையும் மவுஸும் ஐந்து நிமிடம் அசையாவிட்டால் டீம்ஸ் ஆளை மஞ்சளாக்கிவிடும். கோல் எடுக்கும் பிள்ளைகளுக்கு இது பரவாயில்லை. கணக்குப் பகுதியில்தான் சிக்கல். ஓர் ஒபிஸில் மூத்த கணக்காளர் ஒருவர் இருந்தார். கடதாசிக் கட்டைப் பிரித்து வைத்து, பென்சிலால் ஒவ்வொரு தொகைக்கும் புள்ளியிட்டுச் சரிபார்க்கிறவர். அரை மணித்தியாலம் கணினியைத் தொடமாட்டார். அவர் தலைக்கு மேல் மஞ்சள் எரிந்துகொண்டே இருக்கும்.

“தம்பி, நான் இங்கதானே இருக்கிறன். இது ஏன் என்னை இல்லாத ஆளாக்குது?” என்று கேட்டார்.

“மிஸ், அதுக்கு மவுஸ் மட்டும்தான் தெரியும். பென்சில் தெரியாது” என்றேன்.

அவருக்குச் செய்து கொடுத்தது மிக எளிய காரியம். விளக்கின் மென்பொருளில் ஒவ்வொரு நிலைக்கும் எந்த நிறம் என்று தேர்வு செய்யலாம். மஞ்சளுக்குரிய இடத்தில் ‘அணைத்துவை’ என்று போட்டேன். சரிபார்ப்பில் மூழ்கும்போது டீம்ஸில் தன் பெயரைத் தொட்டு ‘தொந்தரவு வேண்டாம்’ என்று வைத்து, எத்தனை மணிவரை என்பதையும் அங்கேயே குறிக்கக் காட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் மேசையில் சிவப்பு எரிந்தால் கணக்குப் பார்க்கிறார். விளக்கு அணைந்திருந்தால் அது எதையும் சொல்லவில்லை. தேவைப்பட்டவர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக்கொள்ளலாம். ஆள் கண்ணெதிரே இருக்கும்போது விளக்கு ‘ஆள் இல்லை’ என்று அறிவிப்பதைவிட, வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவோ மேல்.

நாட்காட்டியும் இப்படி ஏமாற்றும். அவுட்லுக்கில் ஒருவர் ‘பிள்ளையின் பாடசாலைக் கூட்டம்’ என்று ஞாபகத்துக்கு எழுதி வைத்திருப்பார். அந்தக் குறிப்பு ‘பிஸி’ என்று இருந்தால் அந்த நேரம் வந்ததும் டீம்ஸ் அவரைச் சிவப்பாக்கும். ‘ஷோ அஸ்’ என்ற இடத்தில் ‘ஃப்ரீ’ என்று மாற்றினால் ஞாபகக் குறிப்பும் இருக்கும், விளக்கும் பச்சையாக இருக்கும். இதை யாரும் சொல்லிக் கொடுக்காததால், நாள் முழுக்கச் சிவப்பில் இருந்து ‘ஏன் என்னோட யாரும் பேசுறதில்ல’ என்று கவலைப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நிறமும் பிரகாசமும். இலங்கை நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடுவதால், இங்கிலாந்துக் கணக்குக்கு மாலை வேலையும் அமெரிக்கக் கணக்குக்கு இராவேலையும் நடக்கும். பகலில் போதும் போதாது என்றிருக்கும் வெளிச்சம், இரவில் பாதி விளக்கு அணைத்த ஹோலில் கண்ணைக் குத்தும். பக்கத்து மேசையின் சிவப்பு நம் திரையில் விழுந்து, எழுத்துக்கு நடுவே தீப்பொறி போல நிற்கும். இராவேலை வரிசைகளில் பிரகாசத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு இறக்கிவைப்பேன். செய்தி வந்தால் சிமிட்டும் வசதியையும் மணியடிக்கும் வசதியையும் முதலிலேயே நிறுத்திவிடுவேன். யாருக்காவது சிமிட்டல் வேண்டுமென்றால் மெதுவான சிமிட்டல்தான். ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் வெளிச்சம் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது என்பது இணையப் பக்கங்கள் செய்கிறவர்கள் கடைப்பிடிக்கும் விதி. மேசை விளக்குக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தத் தெரியாத கண்கள் ஆண்களிடம் நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்கள் அதை வெளியே சொல்லமாட்டார்கள். ஒரு வரிசையில் ஓர் இளைஞர் மட்டும் சிவப்பு எரியும் மேசைக்கெல்லாம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். மரியாதை தெரியாதவர் என்று பெயர் வாங்கிவிட்டார். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. அந்தத் தளத்தில் பச்சையை எடுத்துவிட்டு நீலம் போட்டோம். சிவப்பு அப்படியே இருந்தது. ஒரே நாளில் அவருக்கு மரியாதை தெரிந்துவிட்டது!

இப்படி ஒருவருக்காக எல்லா மேசையையும் மாற்றலாமா என்று கேட்பார்கள். இங்கேதான் மூன்றாவது விஷயம் வருகிறது: எந்த செட்டிங் யாருக்குச் சொந்தம். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ‘லோக்கல் மெஷின்’ என்பது அந்தக் கணினியில் உட்காரும் எல்லாருக்கும் பொது. ‘கரன்ட் யூசர்’ என்பது உள்நுழைந்திருக்கும் அந்த ஒருவருக்கு மட்டும். குரூப் பொலிசி மூலம் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும்போது, எதை எந்தக் கிளையில் வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். பல நிர்வாகங்கள் எல்லாவற்றையும் பொதுக் கிளையில் போட்டுப் பூட்டச் சொல்லும். நான் அவர்களிடம் கேட்பது இரண்டு பங்காகப் பிரிக்கச் சொல்லித்தான். நிறத்தின் அர்த்தம் பொதுக் கிளைக்குப் போகட்டும். என் சிவப்பு ஒன்று, உங்கள் சிவப்பு வேறொன்று என்றால் விளக்கே வேண்டாம். பிரகாசம், சத்தம், சிமிட்டல், மஞ்சள் தேவையா, விளக்கு எரியத்தான் வேண்டுமா என்பவை ஆளின் கிளைக்குப் போகட்டும். இந்தப் பங்கீட்டை ஒத்துக்கொண்ட இடங்களில் விளக்கை யாரும் பிடுங்கி இழுப்பறையில் போட்டதை நான் பார்க்கவில்லை.

ஒத்துக்கொள்ளாத இடமும் உண்டு. ஒரு முகாமையாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார்: “லைட் மஞ்சளா இருந்த நேரத்தையெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா எடுக்க ஏலுமா?” தொழில்நுட்பத்தில் ஏலும். ஆளின் நிலையை வாசிக்க மைக்ரோசொஃப்ட் கிராஃப் என்ற வழியே இருக்கிறது. அனுமதி கொடுத்தால் ‘இருக்கிறார், பிஸி, வெளியே’ என்று நேரத்தோடு எழுதிக்கொண்டே போகலாம். “சேர், அது மவுஸ் அசைஞ்ச கணக்கைத்தான் தரும், வேலை செஞ்ச கணக்கைத் தராது” என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வரிசையில் மட்டும் பரீட்சை வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த வரிசை முழுக்கப் பச்சை. மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவிகள் ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆள் கன்டீனில், மவுஸ் மேசையில் ஆடுகிறது, விளக்குப் பச்சை. கடைசியில் உண்மையாகவே பேச வேண்டியவர்கள்கூடப் பச்சையை நம்பாமல் போன் எடுத்துக் கேட்டார்கள். ரிப்போர்ட்டும் போனது, விளக்கின் மதிப்பும் போனது.

அதே விசைப்பலகைக் கணக்கை வேறு மாதிரியும் பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனுவேலா ஸூகர், தோமஸ் ஃபிரிட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் ஏபிபி நிறுவனத்தில் ‘ஃப்ளோலைட்’ என்ற மேசை விளக்கைப் பரீட்சித்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். 12 நாடுகளில் 449 பேர் அதில் கலந்துகொண்டார்கள். விசைப்பலகையும் மவுஸும் வேகமாக ஓடினால் ‘இவர் வேலையில் ஆழ்ந்திருக்கிறார், விடுங்கள்’ என்று விளக்குத் தானாகச் சிவப்பாகும். குறுக்கீடுகள் 46 வீதம் குறைந்தன. அங்கே எண்ணியதும் விசைத் தட்டல்தான், இங்கே எண்ணியதும் அதுதான். அங்கே எண்ணியது மேசையில் இருந்தவரைக் காப்பாற்ற. இங்கே எண்ணியது அவரைப் பிடிக்க.

எங்கள் மலையகப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்யும் கார்மென்ட் பெக்டரிகளில் இன்னொரு விளக்கைப் பார்க்கலாம். ஜப்பானில் டொயோட்டாக்காரர்களிடமிருந்து உலகமெங்கும் பரவிய ‘அன்டொன்’. ஊசி உடைந்தாலோ துணி வராவிட்டாலோ வரிசையிலிருக்கும் பிள்ளை பட்டனை அழுத்துவாள். விளக்கு எரியும், மேற்பார்வையாளரோ மெக்கானிக்கோ ஓடி வரவேண்டும். அங்கே விளக்கை ஏற்றும் கை வேலை செய்கிறவரின் கை. பார்த்துவிட்டு ஓடி வரவேண்டிய கால் மேலிருப்பவரின் கால். மேசை விளக்குப் பொருத்துகிறவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய ஏற்பாடு அது.

விளக்கின் முழுப் பயனையும் நான் கண்ட இடம் கொழும்பில் இல்லை, டயகமவில். 2020இல் ஊரடங்கு வந்தபோது ஒபிஸ் வேலையோடு ஊருக்கு வந்த பிள்ளைகளில் சிலர் பிறகும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவர்களில் என் சித்தி மகளும் ஒருத்தி. லயத்து வீடு. முன்னால் ஒரு காம்பரா, பின்னால் குசினி, நடுவில் பலகைத் தடுப்பு. டொங்கிளுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலோரம் அவளுடைய ஒபிஸ். அவள் லண்டன்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தம்பி பந்தோடு உள்ளே வருவான். சித்தி, “பிள்ள, தேத்தண்ணி ஆறுது” என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். ஹெட்செட் போட்டிருக்கிறவள் பேசுகிறாளா, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பழைய விளக்கொன்றைக் கொண்டுபோய், நீட்டு வயர் போட்டு, குசினி வாசலின் மேல்சட்டத்தில் மாட்டினேன். சாதாரண யூ.எஸ்.பி. வயர் ஐந்து மீட்டருக்கு மேல் தாங்காது. லயத்து வீட்டுக்கு அது தாராளம். பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு விதி வைத்தேன்: கோல் என்றால் சிவப்பு, மற்ற நேரம் இருட்டு. சித்திக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. “செகப்பு எரியுது, வாயப் பொத்துடா” என்று தம்பியை அதட்டும் சத்தம்தான் முதல் நாள் லண்டனுக்குக் கேட்டிருக்கும். இரண்டாம் நாளிலிருந்து கையசைப்பிலேயே காரியம் நடந்தது.

2022 மார்ச்சில் மின்வெட்டு ஏறி ஏறி, மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. அப்போது பற்றரி செட்டிங்ஸ்தான் எங்கள் பிழைப்பு. விண்டோஸில் திரை அணையும் நேரமும் கணினி உறங்கும் நேரமும் கரண்டில் ஒன்று, பற்றரியில் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பற்றரிக்கு வழமையாகக் குறைந்த நேரமே வைத்திருப்பார்கள். அவள் ஒரு பக்கம் நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினி உறங்கிவிடும், கொழும்பில் அவள் பெயர் மஞ்சளாகிவிடும். திரை சீக்கிரம் அணையட்டும், கணினி உறங்காமல் இருக்கட்டும் என்று மாற்றினேன். விளக்கின் பிரகாசத்தையும் இறக்கினேன். இருட்டுக் குசினியில் மங்கின சிவப்பே நன்றாகத் தெரியும். பற்றரியும் இறங்கி, தொடர்பும் அறுந்து, அவள் பெயர் சாம்பல் நிறமான நேரங்களும் இருந்தன. அந்த ஒபிஸில் நிலை நிறத்தை வைத்துச் சம்பளம் வெட்டும் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த மாதம் அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்திருக்கும். நல்லவேளை, அவர்கள் அவள் முடித்துக் கொடுத்த வேலையைத்தான் பார்த்தார்கள்.

இப்போது புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் உணரியே வருகிறது. விண்டோஸ் 11இல் ‘பிரசன்ஸ் சென்சிங்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் விலகினால் கணினியைப் பூட்டவும், திரும்பி வந்தால் எழுப்பவும், வேறு பக்கம் பார்த்தால் திரையை மங்கவைக்கவும் அது உதவும். எந்தெந்தச் செயலி இந்தத் தகவலைப் பார்க்கலாம் என்று பிரைவசிப் பக்கத்திலேயே அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் முடியும். பூட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மற்றச் செயலிகளுக்கு, தேவையைக் கேட்காமல் கதவைத் திறந்துவிடாதீர்கள்.

உங்கள் ஒபிஸுக்கும் இந்த விளக்கு வரக்கூடும். வாங்கும் முன்பே மேசையில் உட்காரப் போகிறவர்களைக் கேளுங்கள். நிறங்களைக் குறைவாக வையுங்கள். பல இடங்களுக்குச் சிவப்பு ஒன்றே போதும். அர்த்தத்தைப் பொதுவாக்குங்கள், மற்றதை ஆளிடம் விட்டுவிடுங்கள். விளக்கின் நேரக் கணக்கை எங்கேயும் சேமிக்காதீர்கள். சேமிக்கச் சொல்லி மேலிடம் கேட்டால், செக்ரோல் வேண்டுமென்றால் செக்ரோல் என்றே வெளிப்படையாகப் போடச் சொல்லுங்கள். சக ஊழியருக்கு மரியாதை சொல்ல வந்த விளக்கைக் கங்காணி வேலைக்கு வைக்க வேண்டாம்.